கொச்சி திவான் சண்முகம் செட்டியார்: பதவியைப் பறித்த பட்டியல்

மட்டாஞ்சேரியில் படகேறி எர்ணாகுளம் கரையில் இறங்குகிற தமிழர்களுக்கு சண்முகம் ரோடு தெரியாமல் இராது. காயலை ஒட்டிப் போகும் அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் யார் என்று கேட்டால், பலர் முருகக் கடவுளைத்தான் நினைப்பார்கள். அவர் கோயம்புத்தூர்க்காரர். சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1935 முதல் 1941 வரை கொச்சி ராஜ்யத்தின் திவான். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி. அந்தப் பதவியில் ஓராண்டு முடிந்த கையோடு, ஒரு பட்டியலிலிருந்து சில பெயர்கள் காணாமல் போன விவகாரத்தில் ராஜினாமாச் செய்தவர்.

1892 அக்டோபர் 17-ந் தேதி கோவையில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் சட்டக் கல்லூரியிலும் படித்தார். கோர்ட்டில் வாதாடிப் பிழைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. 1917-ல் கோவை நகரசபைக்குள் நுழைந்தார். 1920-ல் சென்னை சட்டசபை. நீதிக்கட்சிக்காரராகத் தொடங்கியவர் சில ஆண்டுகளில் சுயராஜ்யக் கட்சிக்கு மாறி, டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்று, அங்கே கட்சியின் கொறடாவாகவும் இருந்தார். கட்சி மாறுவது அன்றைக்கும் அதிசயமல்ல. கட்சியைவிடக் கணக்கில் நம்பிக்கை வைத்தவர் அவர். நாணய மாற்று, சுங்க வரி, பருத்தி விலை என்று மற்றவர்கள் கொட்டாவி விடும் விஷயங்களில்தான் அவருக்கு உற்சாகம் பிறக்கும்.

அந்தக் காலக் கோவையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலிவான மின்சாரம் வந்ததும் நூற்பு மில்கள் மளமளவென்று எழுந்தன. செட்டியாரின் உறவு, நட்பு, ஊர்ப் பழக்கம் எல்லாம் அந்த மில் முதலாளிகள் நடுவில்தான். அவரைக் கைதூக்கி விட்டதும் அந்த வட்டம்தான். கடைசியில் காலை வாரிவிட்டதும் அதே வட்டம்தான்.

ஒட்டாவா

1932-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மாநாடு கூடியது. இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகச் செட்டியார் போனார். பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இந்தியாவில் குறைந்த வரி, இந்தியச் சரக்குகளுக்கு பிரிட்டனில் சலுகை என்பது அங்கே ஏற்பட்ட ஒப்பந்தம். நாடு முழுவதும் அந்நியத் துணி பகிஷ்காரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. செட்டியார் ஒப்பந்தத்தை ஆதரித்து டில்லி சபையில் வாதாடினார். 1933-ல் அந்தச் சபைக்கே அவர் தலைவரானார். அதே ஆண்டு சர் பட்டமும் வந்தது.

காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. 1934 தேர்தலில் சென்னை வர்த்தகர் தொகுதியில் அவரை எதிர்த்து சாமி வேங்கடாசலம் செட்டியாரை நிறுத்தியது. ஒட்டாவா துரோகம் என்ற பிரசாரம் பலித்தது. சபைத் தலைவராக இருந்தவரே தோற்றுப் போனார். ஓட்டுப் போட்டவர்கள் கூலிகளோ குடியானவர்களோ அல்ல, வியாபாரிகள். சாம்ராஜ்யச் சலுகையால் லாபம் அடைந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். கதர்க் கட்சிக்கு ஓட்டு, கணக்குப் புத்தகத்தில் ஒட்டாவா லாபம் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கொச்சியில் ஆறு ஆண்டுகள்

தோற்றவரைக் கொச்சி மகாராஜா திவானாக அழைத்தார். 1935-ல் அவர் வந்து சேர்ந்தபோது இந்த ஊர் பாதி கட்டிய வீடு போல இருந்தது. இன்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ 1920 முதல் துறைமுக வேலையில் மூழ்கிக் கிடந்தார். அழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, 1928-ல் முதல் கப்பலை உள்ளே கொண்டுவந்தாயிற்று. அதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும். சரக்கு வள்ளங்களில் ஏறி மட்டாஞ்சேரி பண்டகசாலைகளுக்கு வரும். காயலிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வெல்லிங்டன் தீவு.

வேலையைவிட எல்லைதான் பெரிய தலைவலி. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது, அதாவது சென்னை மாகாணம். நாலெட்டு நடந்தால் மட்டாஞ்சேரி, அது கொச்சி மகாராஜாவின் மண். துறைமுகத்தில் திருவிதாங்கூருக்கும் பாத்தியதை உண்டு. சுங்க வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று மூன்று சர்க்கார்கள் பேரம் பேசின. இப்படிப்பட்ட பேரங்களுக்குச் செட்டியார் ஏற்ற ஆள். 1936-ல் கொச்சி, பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தீவில் கப்பல் மேடைகளும், கரையை இணைக்கும் பாலமும், ரயிலும் உருவாயின. மேற்குக் கரையில் பம்பாய்க்கு அடுத்தபடி பேசப்படும் துறைமுகமாகக் கொச்சி தலைநிமிர்ந்தது. மிளகும், தேயிலையும், கயிறும் வெளியே போக, அரிசியும் துணியும் உள்ளே வந்தன. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் என்று மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நின்ற அத்தனை வியாபாரிகளுக்கும் இதில் பங்கு கிடைத்தது.

மூட்டை தூக்கியவனுக்குக் கிடைத்தது வேறு. ஸ்டீவடோர் கம்பெனிகளின் மூப்பன்மார் காலையில் வந்து சாப்பா என்ற உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. நெரிசலில் விழுந்தவனுக்குக் காயம். இந்த முறை திவான் கண்டுபிடித்ததல்ல. துறைமுகம் பெரிதாக அதுவும் கூடவே வேர் விட்டது, கொச்சி ராஜ்யம் போன பிறகும் நீடித்தது. அதை எதிர்த்து மட்டாஞ்சேரியில் தொழிலாளர் திரண்டபோது, 1953 செப்டம்பர் 15-ந் தேதி போலீஸ் சுட்டு உயிர்கள் பலியாயின. சாப்பா ஒழிய 1962 ஆயிற்று. முதலாளிகளின் குறை திவானின் மேஜைக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். கூலியின் குறை போய்ச் சேர ஒரு தலைமுறை பிடித்தது.

செட்டியாரின் நிர்வாகத்தில் பிற்காலத்துக்கு முன்னோட்டமாக ஒரு சம்பவம் உண்டு. 1936-ல் திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் விநியோகிக்கும் உரிமையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். ஊர் கொதித்தது. நகரசபையோ சர்க்காரோ செய்யக்கூடிய வேலையை லாபக் கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். டாக்டர் ஏ.ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி.ஆர். இய்யுண்ணி ஆகியோர் முன்னணியில் நின்றார்கள். கூட்டம், ஊர்வலம், கைது எல்லாம் நடந்தன. கம்பெனி நடத்தினால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்பது திவானின் நம்பிக்கை. அவர் வளர்ந்த சூழல் அவருக்குக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை அது. பின்னால் அந்த விநியோகம் நகராட்சியின் கைக்கே வந்து சேர்ந்தது. கேரளத்தில் தானே மின்சாரம் விநியோகிக்கும் நகராட்சி என்று இன்றும் திருச்சூரைத்தான் காட்டலாம்.

அதே மனிதர்தான் 1938-ல் கொச்சியில் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தார். சில இலாகாக்களை மக்கள் பிரதிநிதி ஒருவரிடம் ஒப்படைத்த முதல் சுதேச சமஸ்தானம் என்று கொச்சிக்குப் பெயர் வந்தது. பக்கத்தில் திருவிதாங்கூரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் பொறுப்பாட்சிக் கிளர்ச்சியைத் தடியாலும் துப்பாக்கியாலும் எதிர்கொண்ட ஆண்டு அது. கொச்சியின் முதல் மந்திரி அம்பாட்டு சிவராம மேனன் சில மாதங்களில் காலமானார். அடுத்து வந்தவர் யார் தெரியுமா? மின்சாரக் கிளர்ச்சிக்காரரான அதே டாக்டர் ஏ.ஆர். மேனன்! எதிர்த்தவரை மந்திரியாக ஏற்ற திவானின் தாராளத்தைப் பாராட்டலாம். எந்த இலாகாக்கள் அவருக்குப் போயின என்பதையும் பார்க்க வேண்டும். கிராம முன்னேற்றம் போனது. கஜானா திவானிடமே இருந்தது.

1941-ல் செட்டியார் கொச்சியை விட்டார். பிரிஸ்டோவும் அதே ஆண்டில்தான் போனார்.

எதிரி மந்திரியானது

யுத்த காலத்தில் அமெரிக்காவில் இந்தியாவுக்காகச் சரக்கு வாங்கும் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1944-ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் இருந்தார். உலக பாங்கும் சர்வதேச நிதி நிறுவனமும் பிறந்த மாநாடு அது. இடையில் 1943-ல் தமிழிசை இயக்கத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்குத் துணை நின்றார். 1946-ல் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். புகார்க் காண்டம் வணிகர்களின் காண்டம். அரசன் நீதி தவறியது அடுத்த காண்டத்தில் வருகிறது.

1947 ஆகஸ்டில் நேருவின் மந்திரிசபை அமைந்தபோது, காங்கிரசுக்கு வெளியிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார்கள். அம்பேத்கர் சட்டம், சியாமபிரசாத் முகர்ஜி தொழில், சண்முகம் செட்டியார் நிதி. ஒட்டாவாக்காரர் என்று ஊர் ஊராகத் திட்டித் தோற்கடித்தவர்கள் 13 ஆண்டு கழித்து அவரிடமே கஜானாச் சாவியைக் கொடுத்தார்கள். திறமைக்குக் கொடுத்த மரியாதை என்று காங்கிரசார் சொன்னார்கள். அது பொய்யல்ல. தொழிலதிபர்களுக்குப் பயமில்லாத ஆள் நிதி இலாகாவில் இருக்கட்டும் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்தது. அதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

1947 நவம்பர் 26-ந் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் வாசித்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு. வருமானம் ரூ.171 கோடியே 15 லட்சம், செலவு ரூ.197 கோடியே 39 லட்சம். இதில் ராணுவத்துக்கு மட்டும் ரூ.92 கோடியே 74 லட்சம். அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், நிதானம் இழக்காத பட்ஜெட் என்று பெயர் வாங்கியது.

பட்டியல்

விவகாரத்தின் வேர் அவருக்கு முந்தியது. யுத்தத்தின்போது மில்களும் ஒப்பந்தக்காரர்களும் கண்மண் தெரியாமல் சம்பாதித்தார்கள். பெரும்பகுதி கணக்கில் வரவில்லை. 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கிப் பார்த்தார்கள். 1947 பிப்ரவரியில், இடைக்கால சர்க்காரின் நிதி மந்திரி லியாகத் அலிகான், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வியாபார லாபத்தில் கால் பங்கு வரி என்றார். வரி ஏய்ப்பாளர்களை விசாரிக்கத் தனிக் கமிஷன் என்றும் அறிவித்தார்.

ஏழைகளின் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட காங்கிரஸ் அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. பங்கு மார்க்கெட்டுகள் அலறின. முதலாளிகள் டில்லிக்கு ஓடினார்கள். பட்ஜெட்டின் நோக்கமே வகுப்புவாதம் என்று காங்கிரசுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. லியாகத்தின் மனத்தில் குறும்பும் இருந்திருக்கலாம்; ஆனால் வரி வரிதான். கால் பங்கு என்பது ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. போராட்ட காலத்தில் கட்சிக்குக் கை கொடுத்த மில் முதலாளிகள், சுதந்திரத்துக்கு முன்பே முதல் வட்டியை வசூலித்துக்கொண்டார்கள்.

கமிஷன் மட்டும் தப்பியது. பெடரல் கோர்ட்டில் நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார் அதன் தலைவர். மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கு வரியை மறைக்க வழியில்லை. பெரிய கைகளைப் பிடிக்கச் சாதாரண வருமான வரிச் சட்டம் போதாது என்பதால் கமிஷனுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். பழைய ஆண்டுக் கணக்குகளையும் அது தோண்டலாம். உண்மை விவரங்களில் அதன் முடிவே இறுதி முடிவு. ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். கமிஷன் தானாக யாரையும் பிடிக்க முடியாது. பெரிய அளவில் ஏய்த்தவர் என்று நம்பக் காரணம் உள்ளவர்களின் பெயரை சர்க்கார் அனுப்ப வேண்டும். அதற்கும் கெடு உண்டு. முதலில் 1948 ஜூன் 30, பிறகு செப்டம்பர் 1 வரை நீட்டிப்பு. அந்த வாசலின் தாழ்ப்பாள் நிதி இலாகாவின் கையில் இருந்தது.

அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் துணி விலை ஏறிக் கிடந்தது. 1948 தொடக்கத்தில் துணிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். மில்காரர்களும் மொத்த வியாபாரிகளும் விலையை இஷ்டத்துக்கு உயர்த்தினார்கள். சில மாதங்களில் மறுபடியும் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டி வந்தது. நாலு முழ வேட்டிக்கு அல்லாடிய ஜனங்களுக்கு மில் முதலாளி என்ற சொல்லே கசந்த நேரம்.

அப்போதுதான் செய்தி கசிந்தது. கமிஷனுக்கான பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றில் கோவை மில் முதலாளிகளின் பெயர்கள் இருந்தன. நிதி மந்திரியின் ஊர்க்காரர்கள், அவர் தொழிலைச் சேர்ந்தவர்கள். சபையில் கேள்விகள் எழுந்தன. செட்டியார் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். 1948 ஆகஸ்ட் மத்தியில் பதவியை விட்டு விலகினார். சுதந்திர தினத்தின் முதல் ஆண்டு விழாத் தோரணங்கள் அப்போது வாடியிருக்காது.

இதற்காக அவர் பணம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. செல்வாக்கு வேலை செய்வதற்கு உறை தேவையில்லை. கூடப் பழகியவர், கல்யாணத்துக்கு வந்தவர், ஒரே ஊர்க்காரர் என்ற உறவே போதும். செய்தது தவறு. திவானாக இருந்தபோது யார் செய்தாலும் வேலை நடந்தால் சரி என்று இருந்த பழக்கம், குடியரசின் வாசலில் செல்லுபடியாகவில்லை. பதவியை ஒட்டிக்கொண்டு கிடக்காமல் இறங்கிப் போனதை மட்டும் அவர் கணக்கில் வரவு வைக்கலாம்.

மற்றவர்களின் கணக்கு அப்படியே மூடிக் கிடந்தது. வரியைக் குறைக்கச் சொல்லி டில்லிக்கு ஓடியவர்களில் ஒருவருக்கும் பதவி போகவில்லை. அவர்களுக்கு இணங்கியவர்களிடம் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. செட்டியார் காங்கிரஸ்காரர் அல்ல. அவரை வெளியேற்றியதால் கட்சிக்கு நஷ்டம் இல்லை, தூய்மை என்ற பெயர் மட்டும் மிச்சம். தேர்தல் வந்தபோது அதே மில்களிடம் கட்சி நிதிக்குக் கை நீட்டியது. 1957-ல், டாட்டா இரும்புக் கம்பெனி கட்சிகளுக்கு நன்கொடை தர அனுமதி கேட்ட வழக்கில், பம்பாய் தலைமை நீதிபதி சக்ளா சட்டப்படி அனுமதி கொடுத்துவிட்டு, இது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றும் எச்சரித்தார். மறு வருஷமே அவர் தலைமையில் முந்திரா விசாரணை நடந்தது. இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணத்தில் ஒரு வியாபாரியின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வாங்கிய விவகாரம். 1958 பிப்ரவரியில் இன்னொரு தமிழர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அதே நிதி இலாகாவை விட்டு இறங்கினார். கம்பெனி நன்கொடையை 1969-ல் தடை செய்தார்கள், 1985-ல் மீண்டும் அனுமதித்தார்கள். 2018-ல் பெயர் மறைத்துக் கொடுக்கத் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது.

கடைசி ஆண்டுகள்

செட்டியார் மூலையில் முடங்கவில்லை. 1952 தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்கு வந்தார். தமிழிசை மேடைகளும் இலக்கிய நண்பர்களும் அவரைக் கைவிடவில்லை. 1953 மே 5-ந் தேதி, 60-வது வயதில் காலமானார்.

அவர் இறந்த மறு வருஷம் வரதாச்சாரியார் கமிஷனின் கதையும் முடிவுக்கு வந்தது. விசாரணைக்கு ஆளானவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1954 மே மாதம் சூரஜ்மல் மோத்தா வழக்கிலும், அக்டோபரில் மதுரை மீனாட்சி மில் வழக்கிலும், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பாயிற்று. வரி ஏய்த்தவர்கள் எல்லாரும் ஒரே வகையினர், அவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கடுமையான விசாரணைக்கு உட்படுத்துவது சமத்துவ உரிமைக்குப் பொருந்தாது என்பது கோர்ட் சொன்ன காரணம். கமிஷன் கலைந்தது. பட்டியலில் இருந்தவர்களுக்கும், 1948-ல் பட்டியலிலிருந்து விடுபட்டவர்களுக்கும் அதன் பிறகு ஒரே சட்டம்தான்.